செப்ரிங்: மேடுபள்ளம் கேட்கும் கணக்கு



கார்ப் பந்தயம் என்றதும் வழுவழுப்பான தார்ப்பாதைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள செப்ரிங் அப்படிப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானக் குழுக்கள் பயிற்சி பெற்ற தளம் அது. அன்று போட்ட காங்கிரீட் பாளங்கள் மீதுதான் பாதையின் சில பகுதிகள் இன்றும் அமைந்திருக்கின்றன. 1952-இல் அங்கே 12 மணி நேரப் பந்தயம் தொடங்கியது. போர்க்கால ஓடுதளமான நம் சோழவரத்தில் பந்தயம் பார்த்த மூத்த நேயர்களுக்கு இந்தக் கதை புரியும்.

பாளங்கள் சேரும் இடங்களில் பாதை மேடுபள்ளமாக இருக்கும். மேட்டில் ஏறும்போது டயர் மேல் சுமை கூடுகிறது; இறங்கும்போது குறைகிறது. கூடும்போது கிடைக்கும் பிடி, குறையும்போது போகும் பிடியை ஈடுகட்டாது. ஆகவே டயர் தரையை விடாமல் தொட்டிருக்க வேண்டும். மேடுபள்ளத்தில் தண்ணீர்க் குடத்தோடு நடப்பவரின் கால்கள் மடங்கிக்கொடுக்க, குடம் அலுங்காமல் வருவதில்லையா? சஸ்பென்ஷனுக்கும் அதே வேலைதான்.

அப்படியானால் மெத்தென்ற ஸ்பிரிங் போட்டால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பந்தயக் காரின் அடித்தட்டு தரையை ஒட்டியிருந்தால்தான் அடியில் பாயும் காற்று காரைக் கீழே அழுத்திப் பிடிக்கும். தாழ்ந்த காரில் ஸ்பிரிங்கும் மென்மையாக இருந்தால் அடிவயிறு தரையில் இடிக்கும். சில மில்லிமீட்டர் உயர்த்தினால் இடிக்காது. ஆனால் காற்றின் பிடி குறைந்து, சமதளமான வளைவுகளில் வேகம் போய்விடும்.

ஸ்பிரிங்கின் அசைவை அடக்கும் ஷாக் அப்சார்பரில்தான் பொறியாளரின் கைத்திறன் தெரியும். பிரேக் பிடிக்கையில் காரின் மூக்கு தாழ்வது மெதுவான அசைவு. பாளங்களின் இணைப்பில் சக்கரம் துள்ளுவது படுவேக அசைவு. இரண்டையும் தனித்தனியே திருத்தலாம். முன்னதை இறுக்கி, பின்னதைத் தளர்த்தினால் கார் ஓட்டுநரின் சொல்லைக் கேட்கும்.

செப்ரிங்கின் கடைசி வளைவான 17-ஆம் வளைவில் இதெல்லாம் சோதனைக்கு வரும். வேகமான வலப்பக்கத் திருப்பம், வரிசையாகக் குலுக்கல்கள். எங்கே டயரை வைப்பது என்று ஓட்டுநர் தேர்ந்தாக வேண்டும். ஸ்டீயரிங்கை முறுக்கிப் பிடிப்பவர் களைத்துப்போவார். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குத் தயாரான அணிகள் இங்கே காரைக் கொண்டுவந்து சோதித்தது இந்தக் குலுக்கல்களால்தான்.

ஒரே ஒரு சுற்றில் மின்னும் காரைவிட, எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று தெரிந்து அமைத்த காரையே நான் உயர்வாக மதிப்பேன். செப்ரிங் பந்தயத்தைத் திரையில் பார்க்க வாய்த்தால், சக்கரங்களையும் காரின் உடலையும் சேர்த்துக் கவனியுங்கள். சக்கரம் துடிக்க, உடல் நிதானமாகப் போனால், அந்த அணியின் பொறியாளர் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்.