பதக்கம் கொடுத்தீர்கள், பட்டா எங்கே?



பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அங்கே நரம்பில் ஏற்றுகிறார்களே ஒரு மருந்து, அது எங்கிருந்து வருகிறது? குதிரையின் உடம்பில் சிறுகச் சிறுக நஞ்சை ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். அந்த நஞ்சு? இந்த நாட்டின் தேவையில் பெரும்பங்கைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருவது இந்த மண்ணின் மூத்த குடிகளான இருளர்கள் நம் வடநெம்மேலியில் நடத்தும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்! 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்தும் இல்லையென்றால் அந்தக் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும்?

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்பைக் காக்கத்தான் வேண்டும். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதுவரை இருளர் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் தோலில் கொழுத்தவர்கள் ஏற்றுமதி வியாபாரிகள். தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் அவர்கள் வேறு சரக்குக்குப் போய்விட்டார்கள். பிடித்துக் கொடுத்த இருளர் வீட்டில் அடுப்பு அணைந்தது. அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று சட்டம் போட்டவர்கள் கேட்டார்களா?

வழி கண்டவர்கள் இருளர்களும், அவர்களோடு நின்ற பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரும். 1978-இல் சங்கம் பிறந்தது. தடம் பார்த்துப் பிடிக்கிறார்கள், பானையில் வைத்துக் காக்கிறார்கள், சில வாரங்கள் நஞ்சு எடுக்கிறார்கள், அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். பாம்பும் பிழைத்தது, மனிதரும் பிழைத்தார்கள். இவர்களுக்குத்தான் "முன்னேறப் பயிற்சி கொடுக்க வேண்டும்" என்கிறார்கள்! 2017-இல் ஃபுளோரிடாவில் மலைப்பாம்புகளைப் பிடிக்க முடியாமல் திணறியவர்கள் யாரை அழைத்தார்கள்? நம் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அல்லவா? 2023-இல் அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நெஞ்சு நிமிர்ந்தது.

அதே இனத்துப் பிள்ளை சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், "உன் அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா?" என்கிறார்கள். அப்பாவுக்குக் கொடுக்காதது யார் குற்றம்? பாம்பு பிடித்தே காலம் தள்ளட்டுமா, படிக்க வேண்டாமா என்று சிலர் அக்கறையாகக் கேட்கிறார்கள். படிக்கட்டும் ஐயா! விஷமுறி மருந்து செய்யும் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாக உட்காரட்டும். சான்றிதழ் இல்லாமல் எந்த விடுதியில் சேர்ப்பீர்கள், எந்த உதவித்தொகை கொடுப்பீர்கள்?

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனைக் கும்பிட இருளர்கள் கூடுகிறார்கள். நாமும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, பண்பாடு என்று பூரிக்கிறோம். மற்ற நாட்களில் அந்தக் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தோமா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. அதன் பிறகும் அரிசி ஆலையிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் எத்தனை இருளர்கள்! எலி வளையும் பாம்புத் தடமும் பச்சிலையும் தெரிந்த தாத்தாவின் பின்னால் பேரன் நடந்தால்தான் அந்த அறிவு நிற்கும். முன்பணத்துக்காகச் சூளையில் அடைபட்ட தாத்தா எந்தக் காட்டைப் பேரனுக்குக் காட்டுவார்? பிழைப்பைப் பறித்துவிட்டுப் பண்பாட்டைக் காப்பாற்றுகிறேன் என்பது பசப்பு. அதை இந்த மேடையில் உரக்கச் சொல்கிறேன்.

ஆட்சியாளர்களே, இலவசம் கேட்டு வரவில்லை நாங்கள். குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடுங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்த உரிமையைக் கையில் கொடுங்கள். பாம்பு பிடிக்க அனுமதி கேட்டுச் சங்கம் கோப்பின் பின்னால் அலையக் கூடாது. பருவம் தொடங்கும் முன்பே உத்தரவு வரவேண்டும். நஞ்சை விற்பதோடு இருளர்களை நிறுத்தாதீர்கள். மருந்து செய்யும் தொழிலிலும் பங்கு கொடுங்கள். சங்கத்தின் சாவி அவர்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் நாள். சான்றிதழ் கிடைக்காத பிள்ளைகளோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம். இங்கே கூடியிருக்கும் மற்ற சாதிக்காரர்களே, வியாபாரிகளே, விவசாயிகளே, உங்கள் வயலிலும் பாம்பு உண்டு. நீங்களும் வாருங்கள்!