காசில்லாப் பொழுதும் கல்லில் நின்ற மறவரும்

(தகடூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



'ஓய்வுப் பொழுதைக் காசு செலவின்றி இனிதே கழிப்பது எங்ஙனம்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இஃது எளிய பேச்சென்று சிலர் எண்ணக்கூடும். ஆயின், ஓரினம் தன் ஓய்வுப் பொழுதை எவரிடம் ஒப்படைக்கின்றதோ, அவரிடமே தன் நெஞ்சத்தையும் ஒப்படைக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் மாவட்டம் வானம் பார்த்த நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் விளைத்து, மழை பொய்த்த ஆண்டில் பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் கூலிவேலைக்குச் செல்லும் மக்கள் நம் மக்கள். அவர்கள் ஆறு நாள் உழைத்து ஈட்டிய பொருளை ஏழாம் நாளில் பறித்துக்கொள்ளப் பலர் காத்திருக்கின்றனர். சாராயக்கடை ஒருபுறம், திரைப்படக் கொட்டகை ஒருபுறம், இன்றோ, படுக்கையிலும் கைவிட்டு நீங்காத கைப்பேசி மறுபுறம். நம் பாட்டன்மார் பாறையிற் கட்டங்கீறி, மூன்று புலியும் பதினைந்து ஆடுமாகக் கூழாங்கற்களை வைத்து ஆடுபுலி ஆடினர். அதற்குக் காசு வேண்டியிருக்கவில்லை. கூடியிருக்க ஆள்தான் வேண்டியிருந்தது. இன்று பொழுது போகவில்லை என்போர், அதனைப் போக்கிக்கொள்ளவும் விலை கொடுக்கின்றனர்.

ஆகவே, விலையில்லாததும் நம் மாவட்டத்திற்கே சிறப்பாக வாய்த்ததுமான ஓர் இன்பத்தை உங்கள்முன் வைக்க விழைகின்றேன். அதுதான் நடுகல் காணல்.

தருமபுரி எனப் பிற்காலத்தார் அழைக்கும் இவ்வூரின் பழம்பெயர் தகடூர் என்பதையும், இஃது அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் என்பதையும் நீவிர் அறிவீர். அவன் ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அவன் மாண்டபின் நடந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவனுக்கு நட்ட கல்லில் மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வார்த்தனர். மலைநாட்டையே கொடுத்தாலும் ஏற்காத அவன், இச் சிறு கலத்துக் கள்ளையா ஏற்பான் என ஒளவை நொந்து பாடியது புறநானூற்றில் உள்ளது. தமிழ்நாட்டின் மிகச் சிறந்த நடுகற் பாடல்களுள் ஒன்று நம்மூர் மன்னனைப் பற்றியதே. இப் பகுதியின் பழைய நடுகற்கள் சிலவற்றில், வில்லும் வாளும் ஏந்திய மறவனின் காலருகே ஒரு சிறு கலம் செதுக்கப்பட்டிருக்கும். அதனைக் காணுந்தோறும் ஒளவையின் குரல் செவியில் விழாமற் போகாது.

தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகள் வகுத்தது. ஆநிரை கவர்தலை 'ஆகோள்' என்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுத்த மிகப் பழைய நடுகல்லிலும் அதே 'ஆகோள்' என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. ஏட்டில் நின்ற சொல் கல்லிலும் நின்றது. நம் இலக்கணம் வாழ்விலிருந்து எழுந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் பக்கத்துக் கற்களிற் பல வட்டெழுத்தில் எழுதப்பட்டவை. 1970-களில் அரசுத் தொல்பொருள் ஆய்வுத்துறையினர் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று படியெடுத்து அவற்றை நூலாக்கினர். அவ்வெழுத்துகளைப் படிப்பது பலரும் அஞ்சுமளவு அரிதன்று. முதலில் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். அடுத்து ஊர்த்தலைவன் பெயரும், மறவன் பெயரும், அவன் செய்த செயலும் வரும். 'பட்டான் கல்' என முடியும். பட்டான் என்றால் போரில் வீழ்ந்தான் என்பது பொருள். 'தொறு' என்றால் ஆநிரை. இவ்விரு சொல்லறிந்தாலே பாதிக் கல் விளங்கிவிடும். இன்னொன்றும் கேளுங்கள். பல்லவ மன்னர் தம்மை 'வர்மன்' என வடமொழியில் அழைத்துக்கொண்டனர். நம் சிற்றூர்க் கற்றச்சனோ அதனைப் 'பருமன்' என்றே வெட்டினான். மன்னன் பெயரேயாயினும் தமிழ் நாவிற்குப் பொருந்தவே எழுதிய துணிவு அவனுக்கு இருந்தது.

'கல்லைப் பார்ப்பதில் என்ன இன்பம்?' என்று கேட்கும் இளைஞர்க்கு ஒன்று சொல்வேன். நம் அண்டை வட்டாரமாகிய செங்கத்தின் பக்கம் எடுத்தனூர் என ஓர் ஊர் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், கருந்தேவகத்தி என்பான் தன் எருமைகளைக் காக்கப் பொருது வீழ்ந்தான். அவனுக்கு எழுப்பிய கல்லில் அவனருகே ஒரு நாயும் நிற்கின்றது. அதன் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துத் தலைவனுக்குக் காவலாய் நின்றது என அங்கே எழுதியுள்ளனர். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு நாயின் பெயரையும் மறவாது கல்லில் வெட்டிய மக்கள் நம் மக்கள்! எந்தத் திரைப்படம் இக் கதையினும் நெஞ்சை உருக்கும்?

கோயில்கள் பேரரசர் பெயரைச் சொல்லும். நடுகல்லோ மாடு மேய்த்தவன், ஊர் காத்தவன், புலியொடு பொருதவன் பெயரைச் சொல்லும். அது நம்போன்ற எளியோரின் வரலாறு. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களிலும், 2004 வரை நம்மொடு ஒரே மாவட்டமாயிருந்த கிருட்டினகிரிப் பக்கத்திலும் 'வேடியப்பன்' என மக்கள் வணங்கும் தெய்வத்தை அணுகிப் பாருங்கள். பல இடங்களில் அவர் நடுகல்லாகவே இருப்பார். மக்கள் எழுத்தை மறந்தனர், நன்றியை மறந்திலர்.

செய்யவேண்டுவது இது. விடுமுறை நாளில் நால்வர் ஐவராய்ச் சேருங்கள். சோற்றைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்து செல்லுங்கள். முதிய தாய்மாரிடம் கேளுங்கள்; கல் இருக்குமிடமும் அதன் கதையும் அவர்கள் வாயில் உண்டு. கதிரவன் தாழ்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ கல்லைப் பாருங்கள். ஒளி சாய்வாக விழுங்கால் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும். உச்சிப் பொழுதில் வெறுங்கல்லாய்த் தோன்றியது அப்போது எழுத்துக் காட்டும். கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள்; சுண்ணாம்போ வண்ணமோ பூசாதீர்கள்; உளி கொண்டு எழுத்தை ஆழப்படுத்தாதீர்கள். கைப்பேசியால் படமெடுங்கள், அக் கருவிக்கும் ஒரு நற்பணி கிட்டட்டும். பின்னர் நூலகம் சென்று கல்வெட்டு நூல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நாம் கட்டும் வீட்டுவரியோடு நூலகவரியும் சேர்ந்தே செல்கின்றது. விலையை முன்னரே கொடுத்துவிட்டோம். பயனைப் பெறாமலிருப்பதுதான் நமக்கு இழப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் பலவற்றை விலையின்றிப் படிக்கலாம். தகடூர் அகழ்வைப்பகத்தில் தொகுத்து வைத்துள்ள நடுகற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இதனை வெறும் பொழுதின்பமாக மட்டும் நான் சொல்லவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்த போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்றொரு நூல் இருந்தது. இன்று அது முழுமையாக இல்லை. புறத்திரட்டிலும் உரையாசிரியர் மேற்கோள்களிலும் எஞ்சிய சில பாடல்களே நமக்குக் கிடைத்துள்ளன. நம்மூர்ப் போரைப் பாடிய நூலை நாம் காக்கத் தவறினோம். அவ் இழப்பு ஏட்டோடு நிற்கட்டும். இன்று சாலை அகலமாகுங்கால் நடுகல் மண்ணுக்குள் போகின்றது. துணி துவைக்கும் கல்லாகின்றது. புதையல் தேடும் பேராசைக்காரர் கடப்பாரையால் சாய்க்கின்றனர். எவரும் படியாத கல்லைக் காக்க எவரும் வருவதில்லை. ஊரிளைஞர் நால்வர் அதன் பெயரறிந்து, கதையறிந்து, மாலைதோறும் வந்து நிற்பாராயின் அதன்மேல் எவன் கைவைப்பான்? புதிய கல் கண்டால் வட்டாட்சியர்க்கும் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். நிற்குமிடத்திலிருந்து நீங்களே பெயர்க்காதீர்கள்.

வரும் ஞாயிறன்றே தொடங்குங்கள். ஒருவர் ஒரு கல்லையேனும் கண்டு, அதிலுள்ள மறவன் பெயரைப் படித்து, அப் பெயரைத் தம் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வாழ்த்தல் என்னும் ஆறாம் நிலை இன்னும் முடியவில்லை. அது நம் கையில் உள்ளது.