பஞ்சாரமும் கணிப்பொறியும்

கோவையிலிருந்து தடாகம் வழியாக வடமேற்கே மலைப்பாதையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சென்றால் ஆனைகட்டி வரும். ஊரின் ஒரு பகுதி தமிழ்நாட்டிலும் மறுபகுதி கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்திலும் அமைந்திருக்கிறது. அப்பால் விரிவது இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் அட்டப்பாடி மலைநாடு. மூங்கில் விளையும் நாடு அது. நாம் இன்று பேசப் புகுவது வளைந்த கூரைகளைக் கணிப்பொறியின் துணைகொண்டு வடிவமைக்கும் தொழிலைப் பற்றி. ஆயினும் அதனை இம்மலையடியிலிருந்து தொடங்குவதே தக்கதென்று நமக்குத் தோன்றுகிறது.

கோழிகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரத்தைத் தமிழகத்துக்கு வெளியே வாழும் அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்குத் தூண் இல்லை, உத்திரம் இல்லை, ஆணியும் இல்லை. விரலகல மூங்கிற் பிளாச்சுகள் மேலும் கீழுமாகப் பின்னி, கண் விட்டு, வளைந்து நிற்கின்றன. கையால் அழுத்தினால் சற்றே நெகிழ்ந்து மீண்டும் நிமிர்கிறது. ஒகேனக்கல்லில் ஆற்றைக் கடக்கும் பரிசலும் இதே இனம்; கவிழ்த்த பஞ்சாரத்தை நிமிர்த்திவைத்தது போன்றது. இத்தகைய வளைந்த பின்னலையே இன்றைய கட்டடக் கலைஞர்கள் பெரிய அளவில் எழுப்ப விரும்புகின்றனர்.

இதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, பஞ்சாரம் முடைபவர் செய்வதுபோல் நேரான பிளாச்சை வளைத்துப் பின்னுவது. மற்றொன்று, வளைவைத் தட்டையான பலகையிலேயே வெட்டி எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகுவது. சோடாப் புட்டிகள் வரும் அட்டைப் பெட்டிக்குள், புட்டிகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க அட்டைத் தடுப்புகள் கோத்திருப்பதைக் கண்டிருக்கிறோம் அன்றோ? ஒவ்வோர் அட்டையிலும் பாதி உயரத்துக்கு ஒரு வெட்டு. ஒன்றில் மேலிருந்து, மற்றதில் கீழிருந்து. தச்சர் இதைக் காடி என்பர். அந்தத் தடுப்புகளின் மேல்விளிம்பை மட்டும் வளைவாக வெட்டினால், தட்டைப் பலகைகளால் ஆன குன்றொன்று கிடைத்துவிடும்.

கணிப்பொறி பெரிதும் உதவுவது இரண்டாவது வழியிலேதான். ராபர்ட் மெக்நீல் நிறுவனத்தாரின் ரைனோ என்னும் மென்பொருளில் வளைந்த பரப்பை வரைகிறோம். அதனுடன் இயங்கும் மற்றொரு மென்பொருள் 2007இல் டேவிட் ரட்டன் என்பவரால் தொடங்கப்பட்டது. அதற்குக் கிராஸ்ஹாப்பர், அதாவது வெட்டுக்கிளி, என்று பெயர். வெட்டுவதற்கு உதவும் கருவிக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது! இன்ன இடைவெளியில் இத்தனை பலகை என்று எண்களைக் கொடுத்தால், அது பரப்பைக் காய்கறிபோல் இரு திசையிலும் அரிந்து, சந்திக்கும் இடந்தோறும் காடி போட்டு, பலகைகளுக்கு எண்ணும் இட்டுத் தருகிறது. இடைவெளியை மாற்றினால் நூறு பலகைகளும் நொடியில் மாறிவிடுகின்றன.

ஆனால் நமது முதல் முயற்சி நம்மை ஏமாற்றியது. கோவையில் ஒரு சிறு பட்டறையில் பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையில் மாதிரி செய்தோம். ஆறு மில்லிமீட்டர் என்று விற்ற பலகை, அளந்து பார்த்தால் ஐந்தரையைச் சிறிதே கடந்திருந்தது. வெட்டிய லேசர் ஒளியும் தன் பங்குக்குப் பலகையைச் சிறிது தின்றுவிட்டது. காடிகள் தளர்ந்தன, கோத்த கூரை எழுந்து நிற்காமல் சாய்ந்து படுத்தது. திரையில் பார்த்தபோது அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த தவறு இதனினும் நுட்பமானது. பலகைகள் செங்கோணத்தில் சந்தித்தால் ஆறு மில்லிமீட்டர்ப் பலகைக்கு ஆறு மில்லிமீட்டர்க் காடி போதும். அவை அறுபது பாகையில் சாய்ந்து சந்தித்தாலோ, நேர் வெட்டான காடிக்கு ஏறத்தாழ 10.4 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அவ்வளவு அகலத்தில் பிடிப்பு ஏது? பலகைகள் யாவும் செங்குத்தாக நின்றால் எல்லாக் காடிகளும் ஒரே திசை நோக்கும். மேலிருந்து இறக்கிக் கோத்துவிடலாம். வளைவுக்கு எங்கும் செங்குத்தாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுப் பலகைகளைச் சாய்த்தால், காடிகள் குடைக்கம்பிபோல் பல திசை பார்க்கின்றன. கடைசிப் பலகை எவ்வழியிலும் உள்ளே நுழைவதில்லை. படம் வரைவது வேறு, கோப்பது வேறு என்பதை அந்த ஒரு பலகை நமக்குக் கற்பித்தது.

ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் 2011இல் திறக்கப்பட்ட மெட்ரோபோல் பாரசோல் இவ்வகையில் பெரும் படைப்பு. ஜெர்மானியக் கலைஞர் யூர்கன் மேயரின் வடிவம். ஏறத்தாழ 150 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். ஒன்றரை மீட்டர்க் கட்டங்களாக மரப்பலகைகள் குறுக்கிட்டு ஒரு சதுக்கத்துக்கே நிழல் தருகின்றன. அங்கும் பொறியாளரை வாட்டிய கவலை இணைப்புகளைப் பற்றியதே. எஃகுக் கம்பிகளை மரத்தில் பதித்த பசை, அந்நகரின் கோடை வெயிலில் இளகிவிடலாகாதே!

இனி வளைத்துப் பின்னும் வழி. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1975இல் பிரை ஓட்டோ என்ற மேதை ஐந்து சென்டிமீட்டர்ச் சதுர மரச்சட்டங்களை அரை மீட்டர் இடைவெளியில் தரையில் வலையாக விரித்து, அதனை அடியிலிருந்து உயர்த்தி வளைத்து, பின்னர் இணைப்புகளை முறுக்கி இறுக்கினார். தற்காலிகமாக எழுந்த அக்கூரை இன்றும் நிற்கிறது. நாற்கண் வலை இறுக்கும்வரை கட்டிற்கயிறுபோல் சாய்சதுரமாகக் குலையும். அதனாலேயே வளையவும் செய்கிறது. முக்கோணமாக அமைத்தால் குலையாது. தில்லிவாழ் அன்பர்கள் பிரகதி மைதானத்தில் 1972இல் எழுந்து 2017இல் இடிக்கப்பட்ட நாடுகளின் மண்டபத்தை நினைவுகூரலாம். ராஜ் ரேவாலும் மகேந்திர ராஜும் காங்கிரீட்டால் அமைத்த முக்கோண வலை அது.

மூங்கிலை வளைக்கப் புகும்போது கணிப்பொறி தடுமாறுகிறது. அதன் கோடு எங்கும் ஒரே தடிப்பு. மூங்கிலோ அடி பருத்து, நுனி சிறுத்து, கணுவுக்குக் கணு மாறுவது. தடிப்பைப் பாதியாக்கினால் பாதி ஆரத்துக்கு வளைக்கலாம் என்ற கணக்கு அதற்குத் தெரியும். எந்தக் கணுவில் பிளாச்சு முறியும் என்பது தெரியாது. அது தெரிந்தவர் முடைபவர். மூங்கிலின் வலிவு புறத்தோலை ஒட்டியே மிகுதி. ஆதலின் அவர் உட்சதையைச் சீவி எறிந்து தோலைக் காக்கிறார். இடுக்கி, பாலக்காடு முதலிய மாவட்டப் பழங்குடியினர் முடையும் கண்ணாடிப்பாய்க்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாய் மடிந்தும் முறியாதது இத்தகைய கையறிவினால்தான். மூங்கிற் கூரைக்கு வரைபடம் செய்பவர் இவர்களிடம் தடிப்பையும் வளைவையும் கேட்டுப் பெறுகின்றனர். கேட்டுப் பெற்றதற்கு ஊதியம் தருகின்றனரா? பஞ்சாரத்தின் விலையைத் தந்து கூரையின் விலையைத் தாம் வாங்குவது நேர்மையாகாது.

மற்றொரு தடை சட்டத்தில் இருந்தது. புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என்று தொல்காப்பியம் வகுத்தது. அவ்வகையில் மூங்கில் புல்லே. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமோ அதனை மரமென்றது. 2017இல்தான் அப்பிழை திருத்தப்பட்டது. அதற்கு முன்பே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மூங்கிலைச் சிறு வனப் பொருளாகக் கொண்டு, அதனைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காட்டில் வாழ்வோர்க்கு அளித்தது. ஆயினும் தமிழ்நாட்டுக்கு 1882ஆம் ஆண்டின் வனச் சட்டமும், கேரளத்துக்கு 1961ஆம் ஆண்டின் வனச் சட்டமும் தனித்தனியே உண்டு. ஆதலின் அட்டப்பாடியில் வெட்டிய மூங்கிலைக் கோவைப் பட்டறைக்குக் கொண்டுவர எண்ணுபவர், ஆனைகட்டி எல்லையைக் கடக்குமுன் இருபுறத்து விதிகளையும் கேட்டறிந்துகொள்வது நன்று.