கல்லும் காரையும்



இரமணாசிரமத்து மாத்ருபூதேசுவரர் ஆலயத்தை வலம் வருவோர் பலர். 1922இல் அழகம்மையார் அடக்கமான அவ்விடத்தில் முதலில் எழுந்தது ஓலைக்கொட்டகைதான் என்று நினைப்போர் சிலரே. வைத்தியநாத ஸ்தபதி பொறுப்பேற்க, 1939இல் தொடங்கிய கற்பணி 1949 மார்ச்சில் குடமுழுக்குக் கண்டது. கூரை கல்லாவதற்குப் பத்தாண்டுகள்.

கிரேக்கத்தில் இம்மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்ந்தது. அங்கும் பழங்கோயில்கள் மரத்தாலும் பச்சைச் செங்கல்லாலும் ஆனவை. கல்லுக்கு மாறிய பின்னும் தச்சன் கை மறையவில்லை. டோரிக் கோயில்களில் உத்திரத்தின்மேல் வரிசையிட்ட முப்பட்டைக் கற்கள் விட்டத்தின் முனைகளையும், கீழுள்ள சிறு குமிழ்கள் மர ஆணிகளையும் நினைவூட்டுவன என்பர். நம் கொடுங்கையும் அத்தகையதே. இறவாரத்தின் வளைவைக் கல்லில் வடித்தவன், கூரை வேயத் தெரிந்தவனின் பேரனாகத்தான் இருக்க வேண்டும்!

செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பொறித்தான். அவன் விலக்கியவற்றின் பட்டியலே அதுவரை இருந்த கட்டடக்கலையின் பட்டியல்.

கி.மு. 447இல் தொடங்கிய பார்த்தினான், பெண்டெலிக் மலைப் பளிங்கால் ஆனது. அதில் காரையே இல்லை. இழைத்துப் பொருத்திய கற்களை இரும்புப் பற்றுகளால் பிணைத்து, மேலே ஈயத்தை உருக்கி வார்த்தனர். ஈயம் துருவைத் தடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் ஈயமின்றி இரும்பை மட்டும் இட்டனர். துரு பருத்தது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற பளிங்கு சில பத்தாண்டுகளில் வெடித்தது. 1975இல் அமைந்த பாதுகாப்புக் குழுவின் காலத்தில் அவ்விரும்பு அகற்றப்பட்டு டைட்டானியம் இடப்பட்டது.

இக்கதை அண்ணாமலையாரின் ஊருக்கு அயலானதன்று. கிருஷ்ணதேவராயர் தொடங்கிச் செவ்வப்ப நாயக்கர் முடித்த இராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. அடித்தளம் கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும். பாரம் குறைய அதுவே வழி. சுண்ணாம்பு, சுவரில் புகுந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துக்கொள்ளும், ஈரத்தோடு உப்பும் உள்ளே தங்க, செங்கல் பொடியும். ஆயினும் பழங்கோயில்கள் பலவற்றில் சிமெண்ட் பூச்சே ஏறியது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பைப் பதப்படுத்த நாட்கள் வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு அத்தனை நாட்கள் ஏது?

திருப்பணிக் குழுக்களில் இருக்கும் அன்பர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். மதிப்பீட்டுத் தாள் கைக்கு வரும்போது அதில் சுண்ணாம்பு என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.