தேதியைப் பார்க்காதே, முகர்ந்து பார்!
(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



அஞ்சு நிமிஷத்துல உருப்படியா ஏதாவது பேசுன்னு செயலாளர் சொன்னார். நான் பேசப்போவது வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றி! முன்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. பயப்படாதீங்க சார், நான் இருப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1978-லேயே அந்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் காலமானதும், மூன்று வருஷத்துக்கு முன் அவர் வாங்கிய ஹாப்ஸ் பொட்டலங்களை அவர் மனைவி கொண்டுவந்து, "நினைவு நாளுக்கு இதிலேயே காய்ச்சித் தருவியா?" என்று கேட்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அதுதான். கசப்புக்குக் காரணம் ஆல்ஃபா அமிலம். காற்று, சூடு, வெளிச்சம் மூன்றும் அதற்கு எதிரி. பெரியவர் வாங்கியிருந்த காஸ்கேட் ரகம், 20 டிகிரியில் ஆறே மாதத்தில் ஏறக்குறைய பாதி ஆல்ஃபாவை இழந்துவிடும். ஆகவே எத்தனை வருஷம் என்பதைவிட, எப்படி வைத்திருந்தார்கள் என்பதே கேள்வி.

ஆய்வகம் என்றால் 275, 325 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து சொல்லிவிடலாம். என்னிடம் இருந்ததோ மூக்கும் தராசும்தான்!

ஒரு பொட்டலம் பிரித்து, கராஜ் அலமாரியில் கிடந்தது. பழுப்பு நிறம். கசக்கினால் வேர்த்த சாக்ஸ் நாற்றம். பெல்ஜியத்தில் லாம்பிக் பீருக்குப் பழைய ஹாப்ஸையே தேடிப் போடுவார்கள். நமக்கு அது சரிப்படாது. குப்பைக்குப் போனது.

மற்ற இரண்டும் காற்று நீக்கிய ஃபாயில் உறையில், ஃப்ரீசரில், மைனஸ் 18-ல் இருந்தவை. உறை உப்பவில்லை. உள்ளே பச்சை நிறம். விரலில் பிசுபிசுப்பு. பம்ப்ளிமாஸ் தோல் வாசனை, கொஞ்சம் மங்கலாக. லேபிளில் ஆல்ஃபா 6 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும் என்று 4 ஆக வைத்து, எடையை ஒன்றரை மடங்காக்கி, கசப்புக்காக ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். மணத்துக்கு மட்டும் புதுசு வாங்கிப் போட்டேன்.

நினைவு நாளில் அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "அவர் இன்னும் கசப்பா காய்ச்சுவார்" என்றார்.

என் கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது, சார். ஆனா அந்த அம்மா டம்ளரைக் கீழே வைக்கலை.