சந்தா ரசீதுக்கு என்ன பலன்?

சங்கத்துக்குச் சந்தா கேட்டுப் போகிற இடமெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி வருகிறது: "பணம் கட்டுகிறோம், எங்களுக்கு என்ன கிடைக்கும்?" நியாயமான கேள்விதான். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு. கணக்குக் கேட்காமல் யார் கொடுப்பார்கள்? கணக்கைச் சொல்லுகிறோம்.

கீழத் தஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே பண்ணையாள் வேலைக்கு நேரங்கழித்து வந்தால் சவுக்கடி. மிராசுதாரின் கோபம் அதோடு தீராவிட்டால் சாணிப்பால். சாணியைக் கரைத்து மனிதன் வாயில் ஊற்றினார்கள், தோழர்களே! கேட்க நாதி உண்டா? தனி ஆள் வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துப் போடுவார்கள். குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது அல்லவா? 1943ல் பி. சீனிவாசராவ் அந்தச் சேரிகளுக்குள் போனார். விவசாயிகள் சங்கம் ஊர் ஊராக எழுந்தது. அடுத்த ஆண்டே, 1944ல், மன்னார்குடி ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் இனிக் கூடாது என்றாயிற்று. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

கொடுத்த விலையையும் மறைக்க மாட்டோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். உழைப்பாளிகள் கேட்டது கூலி நெல்லில் சிறிது கூடுதல். நிலச்சுவான்தார்கள் கேட்டதோ, "செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர்" என்பது. அவர்களுக்கே ஒரு சங்கம் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்!

மில் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் தோழர்களின் குறைகளில் ஒன்று, மத்தியானச் சோற்றுக்கு விட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது. சோற்றுக்கு நேரம் கேட்ட சங்கத்தின் தலைவர்கள்மீது நிர்வாகம் பின்னர் ஹைக்கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கே போட்டது. பதிவான சங்கத்துக்கு அத்தகைய வழக்கிலிருந்து பாதுகாப்புத் தந்தது 1926ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று எல்லாத் தொழிலுக்கும் கட்டுப் போட்டுவிட்டார்கள். ஒரு மில்லில் பல சங்கங்கள் இருந்தால், 100க்கு 51 தொழிலாளரைக் கொண்ட சங்கமே நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம். 200 பேர் வேலை செய்கிற மில்லில் 101 கையெழுத்து போதாது. 102வது கையெழுத்து உங்களுடையதாக இருக்கலாம். படிவம் வாசல் மேஜைமேல் இருக்கிறது; எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் நிரப்பித் தருகிறோம்.