மாணவர் ஒளிப்படமும் கட்டற்ற மென்பொருளும்

(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒளிப்படக் கலைஞன் அல்லன். உங்களைப் போல வகுப்பெடுக்கும் அறிவியல் ஆசிரியன். நம் எல்லார் மேசைக்கும் ஆண்டுதோறும் வந்துசேரும் ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அடையாள அட்டைக்கு ஒரு படம், என்.எம்.எம்.எஸ். தேர்வு விண்ணப்பத்துக்கு ஒரு படம், பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலுக்கு ஒரு படம், விளையாட்டுப் போட்டிக்கு ஒரு படம், ஆண்டு மலருக்கு ஒரு படம். கைப்பேசியில் எடுத்த படம் நான்கு எம்பி இருக்கும். இணையதளம் 50 கேபிக்குள் கேட்கும். கடைசி நாள் மாலை ஐந்து மணி ஆகியிருக்கும். அப்போது நாம் என்ன செய்கிறோம்?

மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறோம். பெயர் தெரியாத ஓர் இணையதளத்தில் படத்தை ஏற்றிச் சுருக்கி இறக்கிக்கொள்கிறோம். அல்லது யாரோ பென்டிரைவில் கொடுத்த, பூட்டுடைத்த விலை மென்பொருளைத் திறக்கிறோம். அல்லது தெருமுனைக் கணினி மையத்துக்கு நாற்பது குழந்தைகளின் படங்களையும் வாட்சப்பில் அனுப்பிவிடுகிறோம். வேலை முடிந்துவிடுகிறது. அந்த முகங்கள் எங்கெங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். அப்படி ஏற்றிய படம் எந்த ஊர்க் கணினியில், எத்தனை நாள் இருக்கும், யார் கைக்குப் போகும் என்பதை அறிய நமக்கு வழியில்லை. கைப்பேசியில் இருப்பிட வசதி இயக்கத்தில் இருந்து, கேமராவுக்கும் அதற்கு அனுமதி இருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். வீட்டு வாசலில் எடுத்த படம் என்றால் அது அந்தக் குழந்தையின் முகவரியேதான். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என்று வரையறுக்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்த படம் அது. பூட்டுடைத்த மென்பொருளுக்கு வேறு ஆபத்து உண்டு. வைரஸ் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். அதோடு, திருட்டு மென்பொருள் ஓடும் கணினிக்கு முன்னால் நின்று நேர்மை பற்றிப் பாடம் நடத்தவும் முடியாது.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மாணவரின் படத்தைப் பள்ளிக் கணினியிலேயே திருத்த வேண்டும். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு மட்டுமே போக வேண்டும். அதற்கான கருவி நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஜிம்ப்.

1995இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தங்கள் படிப்பின் செயல்திட்டமாகத் தொடங்கியது இது. அடுத்த ஆண்டு பொதுமக்கள் கைக்கு வந்தது. ஜிம்ப் கோப்புகளின் பெயர் ‘எக்ஸ்சிஎஃப்’ என்று முடியும்; அந்த இருவரும் இருந்த மாணவர் கணினிக் குழுவின் பெயர்ச்சுருக்கம் அது. இன்று பல நாடுகளின் தன்னார்வலர்கள் சேர்ந்து இதை வளர்க்கிறார்கள். 2025 மார்ச்சில் இதன் 3.0 பதிப்பு வெளியானது. இரண்டு மாணவர்களின் செயல்திட்டம் முப்பது ஆண்டுகளாக உலகத்துக்குப் பயன்படுகிறது என்பதை நம் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

விலையில்லாப் பொருள்கள் நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. ஆனால் கட்டற்ற மென்பொருளில் விலை இல்லை என்பது இரண்டாவது செய்திதான். எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம் என்னும் நான்கு உரிமைகளே முதல் செய்தி. பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்குப் பென்டிரைவில் ஜிம்ப்பைக் கொடுத்தால் அது திருட்டாகாது. இருபது கணினிகளில் நிறுவினாலும் உரிமக் கட்டணம் இல்லை. நிறுவியபின் இணையமும் தேவையில்லை. படம் வெளியே போகாது என்பதற்கு அதுவே உறுதி. அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே நடக்கிறது. அங்குள்ள பாடநூல்களில் ஜிம்ப் பயிற்சியும் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். அடையாள அட்டைப் படத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை கணினிக்கு வெளியே. வெள்ளைச் சுவர் முன் குழந்தையை நிறுத்துங்கள். சுவர் இல்லாவிட்டால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். இந்த ஐந்து நிமிடம் பின்னால் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

படத்தை ஜிம்ப்பில் திறந்து, ‘கிராப்’ கருவியை எடுங்கள். அதன் அமைப்புகளில் விகிதத்தை 35:45 என்று நிலைநிறுத்திக்கொண்டால், எப்படி இழுத்தாலும் 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம் என்ற விகிதம் மாறாது. பிறகு ‘இமேஜ்’ பட்டியலில் ‘ஸ்கேல் இமேஜ்’ சென்று அகலம் 413, உயரம் 531 படப்புள்ளிகள் என்று கொடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் இதுதான் அந்த அளவு. இப்படி 25 படங்களை ஒரே ஏ4 தாளில் இடைவெளி விட்டு அடுக்கலாம்.

அடுத்தது சேமிப்பது. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ‘சேவ்’ கொடுத்தால் ஜிம்ப் தன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில்தான் சேமிக்கும். பாதி முடிந்த வேலையைப் பிறகு தொடர அது உதவும். ஜேபெக் படம் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ கொடுக்க வேண்டும். அப்போது திறக்கும் பெட்டியில் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி ஒன்று உண்டு. முன்னோட்டத்தை இயக்கிக்கொண்டு அதை நகர்த்தினால், கோப்பின் அளவு எத்தனை கேபி என்று அங்கேயே தெரியும். 50க்குக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். அதே பெட்டியில் ‘எக்ஸிஃப்’ என்றொரு கட்டம் இருக்கும். அதிலுள்ள டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். முன்பு சொன்ன இருப்பிடக் குறிப்பு ஒளிந்திருப்பது அங்கேதான்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். வராந்தாவில் எடுத்த படங்களில் பின்னால் மைதானத்து வெயில் பளிச்சிடும், முன்னால் முகம் இருண்டுகிடக்கும். ‘கலர்ஸ்’ பட்டியலில் உள்ள ‘லெவல்ஸ்’ இதற்குக் கைகொடுக்கும். அங்கே ஒரு வரைபடமும் அதன் அடியில் மூன்று முக்கோணங்களும் தெரியும். நடு முக்கோணத்தை இடப்பக்கம் மெல்ல நகர்த்தினால் முகம் தெளியும். அளவோடு நிறுத்த வேண்டும்.

எங்கே நிறுத்துவது? எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தக் கேள்வியை என் முன் கொண்டுவந்து வைத்தாள். அடையாள அட்டைப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்று, தயங்கித் தயங்கி, “சார், என் முகத்தக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க சார்” என்றாள். அவள் அக்காவுக்கு ஸ்டுடியோவில் அப்படித்தான் செய்து கொடுத்தார்களாம். நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிழலில் எடுத்த படத்தையும் சன்னலோரம் எடுத்த படத்தையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டினேன். “இதுல வெளிச்சம் குறைவு, அதைச் சரிபண்ணலாம். உன் நிறத்துல குறை ஒண்ணும் இல்லம்மா, அதுல சரிபண்ண எதுவும் இல்ல” என்றேன். முக்கோணத்தை அவளையே நகர்த்தச் சொன்னேன். சன்னலோரப் படத்தில் இருந்த அவள் நிறம் வந்த இடத்தில் அவளே நிறுத்தினாள். “இதுவே இருக்கட்டும் சார்” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் இது விதி: வெளிச்சத்தைத் திருத்தலாம், முகத்தைத் திருத்தக் கூடாது. மாற்றுச் சான்றிதழில் ‘இடது கன்னத்தில் ஒரு மச்சம்’ என்று அங்க அடையாளம் எழுதுபவர்கள் நாம். படத்தில் அந்த மச்சத்தை அழிக்கும் உரிமை நமக்கு ஏது? நிறத்தை மாற்றிக் கொடுத்தால், ‘நீ இருக்கிறபடி இருந்தால் போதாது’ என்று பள்ளியே அந்தக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஜிம்ப் அலுவலக வேலையோடு நிற்பதில்லை, வகுப்பறைக்கும் வரும். லெவல்ஸ் பெட்டியில் தெரியும் வரைபடம், நாம் புள்ளியியலில் நடத்தும் நிகழ்வுச் செவ்வகப் படமேதான். கரும்புள்ளிகள் எத்தனை, வெண்புள்ளிகள் எத்தனை என்று 0 முதல் 255 வரை எண்ணிக் காட்டுகிறது. ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகள் என்றால் மொத்த நிறங்கள் எத்தனை என்று பிள்ளைகளைப் பெருக்கச் சொல்லுங்கள்: 1,67,77,216. சிவப்புக்கும் பச்சைக்கும் 255, நீலத்துக்கு 0 கொடுத்தால் மஞ்சள் வரும். வண்ணக்கலவையில் பழகிய பிள்ளைகள் இதை நம்ப மறுப்பார்கள். ஒளியின் நிறங்கள் பற்றிய பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

நூற்றாண்டு கண்ட பள்ளிகளில் பழைய குழுப் படங்கள் செல்லரித்துக் கிடக்கும். அவற்றை 600 புள்ளித் தரத்தில் வருடி, மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, ஒரு படியில் மட்டும் ‘ஹீல்’ கருவியால் கீறல்களை ஆற்றலாம். உயர்நிலை மாணவர்கள் இதை ஆசையோடு செய்வார்கள். இருக்கும் கீறலை நீக்கவும் இல்லாத ஆளைச் சேர்க்கவும் ஒரே மென்பொருள்தான் என்று அப்போது அவர்களுக்கே புரியும். கைப்பேசியில் வரும் படத்தையெல்லாம் அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் ஜிம்ப் முரண்டு பிடிக்கும். இதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு என்றாலும் சில பகுதிகள் ஆங்கிலத்திலேயே நிற்கும். தமிழ் எழுத்துகளை யூனிகோடில் தட்டினால் ஒழுங்காக வரும். பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பிலிருந்து ஒட்டினால் உருக்குலையும். பல பக்க ஆண்டு மலரை இதில் வடிவமைக்க முயலாதீர்கள். அதற்கு ஸ்கிரைபஸ், சின்னம் வரைய இங்க்ஸ்கேப் என்று வேறு கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விண்ணப்பத்தின் கடைசி நாள் வருமுன், ஓய்வான ஒரு பாடவேளையில், ஜிம்ப்பின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்கி, பள்ளிக் கணினி ஒன்றில் நிறுவுங்கள். உங்கள் சொந்தப் படம் ஒன்றை 50 கேபிக்குள் கொண்டுவந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். அதன்பின் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கும் நாற்பது குழந்தைகளின் முகங்கள் பள்ளிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்.